கடலோர வீட்டுக்கு அடித்தளம் இல்லாத செப்டிக் டேங்க் போதுமா?

கேள்வி: மும்பை மட் ஐலண்டில் கடலை ஒட்டி வீடு கட்டுகிறோம். சாக்கடை இணைப்பு இல்லை. செப்டிக் டேங்குக்கு அடித்தளம் வேண்டாம், மண்ணே வடிகட்டிவிடும் என்கிறார் கான்ட்ராக்டர். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். அடித்தளம் இல்லாதது செப்டிக் டேங்க் அல்ல, வெறும் குழி. சிமெண்டும் கூலியும் மிச்சம் பிடிக்க அவர் சொல்லும் கதை இது.

ஒழுங்காகக் கட்டிய டேங்கிலும் கசடு மட்டும்தான் அடியில் தங்கும். தெளிந்து வெளியேறும் நீரில் கிருமியும் அம்மோனியாவும் இருக்கும். காற்றோட்டமுள்ள மண்ணில் அம்மோனியா நைட்ரேட்டாக மாறும். நைட்ரேட் மண்ணில் ஒட்டாது, நிலத்தடி நீரோடு போய்க் கடலில் சேரும். அங்கே பாசி பெருகி, அழுகும்போது மீனுக்கு வேண்டிய பிராணவாயுவைத் தின்றுவிடும். கடல் உள்வாங்கிய நேரம் கரைக்குப் போனால் மணலில் விரல் அகல ஓடைகளாக நீர் கசிவதைப் பார்க்கலாம். அதில் பெரும்பகுதி அலை விட்டுப்போன உப்புநீர்தான். மீதியில் நம் வீட்டு நீரும் உண்டு. இது சின்ன விஷயமல்ல: அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில் இப்படி அடியில் சேரும் நீர், உப்புநீரையும் சேர்த்து, அங்கே ஆறுகள் கடலில் சேர்க்கும் நீரின் அளவில் சுமார் 40 சதவீதம் என்று 1996-இல் கடலியலாளர் வில்லார்ட் மூர், நிலத்தடி உப்புநீரில் கூடுதலாக இருக்கும் ரேடியத்தைக் கடலில் அளந்து காட்டினார்.

கான்ட்ராக்டர்கள் மே மாதத்தில் குழி தோண்டி, "பாருங்க, காய்ஞ்சு கிடக்கு" என்பார்கள். மழை பெய்யும் ஆகஸ்டில் பக்கத்துக் கிணற்றில் கயிறு விட்டுப் பாருங்கள். நீர்மட்டம் குழிவரை ஏறியிருந்தால் வடிகட்ட உலர்ந்த மண்ணே மிச்சமில்லை. அப்படியானால் கழிவுநீரை மண்ணில் விடவே கூடாது. அடியும் சுவரும் பூசிய மூடிய தொட்டி கட்டி லாரியில் எடுக்க வேண்டும்.

"வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் மாங்குரோவ் (அலையாத்திக் காடு) இருக்கிறதே" என்பார்கள். உண்மைதான், அந்தச் சேற்றில் மெதுவாக ஊறும் நைட்ரேட்டின் ஒரு பகுதி நைட்ரஜன் வாயுவாகப் போய்விடும். ஆனால் சேற்றில் ஊறினால்தான். அடியில் பாறை விரிசல் வழியாகப் போகும் நீர் மாங்குரோவைத் தொடாமலே கடலில் இறங்கிவிடும். உங்கள் மனைக்கு எது என்று கான்ட்ராக்டருக்கும் தெரியாது.

இந்த நைட்ரேட் கிணற்றிலும் சேரலாம். நீரைக் காய்ச்சினாலும் அது போகாது. ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள், குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் வரம்பு.

கிணறு ஒரு துறை, கடல் ஒரு துறை, சாக்கடை மாநகராட்சி. நடுவில் மண்ணுக்குள் நடப்பதற்கு யாரிடம் போய் மனுக் கொடுப்பது? வருஷக்கணக்காக எனக்கு விடை கிடைக்கவில்லை.

கழிவை எடுக்கும் லாரிக்காரரிடம் எங்கே கொட்டுகிறார் என்று கேட்டு, சுத்திகரிப்பு நிலைய ரசீது வாங்குங்கள். ரசீது இல்லையென்றால் அது ஏதோ ஓர் உப்பங்கழிக்குத்தான் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளைத் தொட்டிக்குள் இறக்குகிறேன் என்றால் உடனே திருப்பி அனுப்புங்கள். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது, மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம்.