திருகோணமலையில் ஊர் ஊராகப் போகும் மருத்துவக் குழுவில் தாதியாகச் சேர்கிறேன். எதற்கெல்லாம் தயாராக இருக்க வேண்டும்?

கேட்டவர் யாழ்ப்பாணத்தில் வார்டில் வேலை செய்த ஒரு தங்கச்சி. திருகோணமலை மாவட்டத்தில் நடமாடும் கிளினிக் நடத்தும் குழுவில் சேரப் போகிறாராம். பையில் என்னென்ன கொண்டுபோவது, எங்கே தங்குவது, வார்டு வேலைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டிருக்கிறார்.

நானும் இந்த மாவட்டத்தில்தான் தாதி. மூதூர், வெருகல் பக்கமும் குச்சவெளி, புல்மோட்டைப் பக்கமும் இப்படிப்பட்ட குழுக்களோடு நிறையப் போயிருக்கிறேன். பை விஷயம் பிறகு. முதலில் வித்தியாசத்தைச் சொல்கிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

வார்டில் நோயாளி நம் கண் முன்னால் இருப்பார். நம் டியூட்டி முடிந்தால் அடுத்த மிஸ் பார்ப்பார். நடமாடும் கிளினிக்கில் அடுத்த டியூட்டி என்று ஒன்று கிடையாது. பின்னேரம் மேசையை மடித்து வாகனத்தில் ஏற்றிவிட்டால், அந்த ஊரில் மிஞ்சுவது நோயாளியும் அவர் கையில் நாம் எழுதிக் கொடுத்த கடதாசித் துண்டும்தான். அதனால் துண்டு எழுதுவதைக் கடைசி நிமிட வேலையாக வைத்துக்கொள்ளாதீர்கள். பெயர், வயது, அன்றைய திகதி, பிரஷர் எவ்வளவு, சீனி எவ்வளவு (சாப்பிட்டாரா, வெறும் வயிறா), கொடுத்த மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எப்போது போடுவது, அடுத்து எந்த ஆஸ்பத்திரியில் எந்தக் கிளினிக் நாளில் காட்டுவது. இவ்வளவும் தெளிவான எழுத்தில் இருக்க வேண்டும். மருந்துக்குக் கம்பனிப் பெயரை எழுதாமல் மருந்தின் சொந்தப் பெயரை எழுதுங்கள்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஈச்சிலம்பற்றில் ஒருமுறை ஒரு வயதான அம்மா வந்தார். "எழும்பினா கண்ணை இருட்டிக்கொண்டு வருது மிஸ்" என்றார். மருந்துப் பையைக் காட்டச் சொன்னோம். மேசையில் கொட்டினார். ஆஸ்பத்திரியில் கொடுத்த சின்னக் கடதாசி உறைகள், பார்மசியில் வாங்கிய அட்டைகள், பாதி வெட்டிய அட்டைகள், ஒரு மூடி இல்லாத போத்தல். ஓர் உறையில் லொசார்டன் 50 என்று எழுதியிருந்தது, பிரஷரைக் குறைக்கிற மருந்து. பக்கத்தில் கிடந்த அட்டையில் பெரிய எழுத்தில் வேறொரு பெயர். திருப்பிப் பிடித்துப் பார்த்தால், கீழே சின்ன எழுத்தில் அதுவும் லொசார்டன்தான். ஆஸ்பத்திரி மருந்து ஒன்று, மகன் கூட்டிக்கொண்டு போன தனியார் டொக்டர் எழுதியது ஒன்று. இரண்டையும் காலையில் சேர்த்துப் போட்டு வந்திருக்கிறார். எங்கள் டொக்டர் ஒன்றை நிறுத்தி, ஏன் நிறுத்தினார் என்று துண்டில் எழுதியும் கொடுத்தார்.

இது அரிதாக நடக்கிற விஷயம் இல்லை. கிளினிக் அறிவிப்புச் செய்யும்போதே "வீட்டில் இருக்கிற மருந்து எல்லாவற்றையும் பையோடு கொண்டு வாருங்கள்" என்று சொல்லச் சொல்லுங்கள். அட்டையை வெட்டியதில் பெயரும் காலாவதித் திகதியும் போய்விட்டால் நிறத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டாம். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு உறையில் உதிக்கிற சூரியன், உச்சிச் சூரியன், நிலா என்று கீறிக் கொடுங்கள். கொடுத்த பிறகு, "இதை எப்பப் போடுவீங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்று அவர் வாயாலேயே கேளுங்கள்.

நோன்பு மாதத்தில் கிண்ணியா, மூதூர்ப் பக்கம் போனால் சீனி வருத்தக்காரர் ஒவ்வொருவரிடமும் நோன்பு பிடிக்கிறாரா என்று கேட்டு டொக்டரிடம் சொல்லுங்கள். காலைக் குளிசையை ஸஹருக்கு (விடியுமுன் சாப்பிடும் நேரத்துக்கு) போட்டுவிட்டு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால் சில மருந்துகள் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். கேட்காமல் அவர்களாகச் சொல்வது குறைவு.

அடுத்தது அந்த ஊரின் குடும்பநல உத்தியோகத்தர், ஊர்ச் சனம் மிட்வைஃப் மிஸ் என்று கூப்பிடுகிறவர். அவருக்குத் தெரியாமல் ஓர் ஊருக்குள் போகாதீர்கள். முறைப்படி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவித்துத்தான் போக வேண்டும், அது உங்கள் குழு செய்யும். அதைத் தாண்டி நீங்களும் அந்த மிஸ்ஸோடு கதையுங்கள். எந்த வீட்டில் படுக்கையில் கிடக்கிறவர் இருக்கிறார், எந்தக் கர்ப்பிணித் தாய் கிளினிக்குக்கு வராமல் நிற்கிறார் என்று அவருக்குத்தான் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி நாம் எழுதிய தாய், பிள்ளைகளின் பெயர்களை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தால், போனார்களா இல்லையா என்று அடுத்த வாரம் வீட்டு வாசலில் நின்று கேட்கக்கூடியவர் அவர் ஒருவர்தான். ஆனால் அதே பெயர்களை ஏற்பாட்டுக்காரர்களுக்கோ பணம் கொடுத்தவர்களுக்கோ கொடுக்காதீர்கள். பேஸ்புக்கில் போடுவதற்கு நோயாளியைப் படம் எடுக்க வந்தால் மறித்துவிடுங்கள். சின்ன ஊர். யாருக்கு என்ன வருத்தம் என்பது ஒரு படத்தில் ஊருக்கே தெரிந்துவிடும்.

நேரம் பற்றி ஒரு விஷயம். கடற்கரை ஊர்களில் இரவு கடலுக்குப் போன ஆண்கள் காலையில் கரைக்கு வந்து, மீனை விற்று, வலையைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். எட்டு மணிக்குக் கிளினிக் தொடங்கிப் பன்னிரண்டுக்கு முடித்தால் பெண்களும் பிள்ளைகளும் மட்டும்தான் வருவார்கள். ஆண்களின் பிரஷரைப் பார்க்க வேண்டுமென்றால் பின்னேரம் வரை இருங்கள். முஸ்லிம் ஊர்களில் வெள்ளிக்கிழமை வேண்டாம். வயல் ஊர்களில் அறுவடை நாட்களில் போனால் ஆள் இல்லாத கதிரைகள்தான் மிஞ்சும்.

பாதை இப்போது முந்தியதுபோல் இல்லை. மூதூருக்குத் தரைவழியாகப் போக ஒரு காலத்தில் பாதைப்படகில் ஏறி ஏறி இறங்க வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள், பிறகு மற்ற ஆறுகளுக்கும் பாலம் வந்துவிட்டது. ஆனாலும் மாரியில், கார்த்திகை மார்கழியில், மகாவலித் தண்ணீர் இறங்கினால் வெருகல் பக்கம் உள் பாதைகள் மூடும். அந்த மாதங்களில் போகுமுன் ஊரில் இருக்கிற ஒருவருக்குப் போன் எடுத்துக் கேளுங்கள். கந்தளாய், சேருவில, கோமரங்கடவலப் பக்கமென்றால் பொழுதுபடுமுன் திரும்புங்கள், யானை நடமாட்டம் இருக்கிறது. இன்னும் பத்துப் பேர் இருக்கிறார்களே என்று மனம் இழுக்கும். அந்தப் பத்துப் பேருக்கும் துண்டு எழுதிக் கிட்டிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். சாரதி போவோம் என்றால் போக வேண்டும்.

இனிப் பை. பிரஷர் கருவிக்குப் பெரிய கைக்கும் சின்னக் கைக்கும் தனித்தனிக் கைப்பட்டி. உதிரி பற்றரிகள். சீனி பார்க்கும் ஸ்ட்ரிப் போத்தலை மூடியே வைத்திருங்கள், வெயிலில் நிற்கும் வாகனத்தில் விடாதீர்கள், சூடும் ஈரப்பதமும் பட்டால் அளவு பிழைக்கும். விரலைக் குத்துமுன் கை கழுவ வையுங்கள். மாம்பழம் சாப்பிட்ட கையோடு வந்தால் விரலில் இருக்கிற இனிப்பையும் சேர்த்து அளக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் உச்சி வெயிலில் நடந்து வந்தவருக்கு உடனே பிரஷர் பார்க்க வேண்டாம். ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து இருக்க விடுங்கள். வாயில் வெற்றிலை, புகையிலை இருந்தால் துப்பச் சொல்லி அரை மணி கழித்துப் பாருங்கள். கர்ப்பிணித் தாய்க்கு 140/90 வந்தால் அன்றைக்கே டொக்டர் பார்க்க வேண்டும். 160/110 வந்தால் கிளினிக்கை நிறுத்தியாவது ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். 1990 அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். அழைக்கும்போது சொல்வதற்கு அந்த இடத்தின் அடையாளத்தைக் காலையிலேயே கேட்டு எழுதி வையுங்கள்.

ஊசி மருந்து, தடுப்பூசி கொண்டுபோனால் 2 முதல் 8 பாகை செல்சியஸ். சூட்டுக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள், குளிருக்குப் பயப்படுகிறவர்கள் குறைவு. ஃப்ரீசரில் இருந்து எடுத்த ஐஸ் பொதியை உடனே பெட்டிக்குள் வைத்தால் ஏற்புவலித் (டெட்டனஸ்) தடுப்பூசி, ஹெபடைடிஸ் பி, இன்சுலின் எல்லாம் உறைந்து கெட்டுவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. பொதியை வெளியே வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்ட பிறகு வையுங்கள்.

பாவித்த ஊசிக்கு மூடி போடாதீர்கள். கூர்ப்பொருள் பெட்டி முக்கால்வாசி நிரம்பியதும் மூடி, திரும்பக் கொண்டு வந்து ஆஸ்பத்திரியில் எரிக்கக் கொடுங்கள், எந்த ஊரிலும் புதைக்க வேண்டாம். பாவித்த ஊசி தவறி உங்கள் கையில் குத்திவிட்டால் பிதுக்காமல் சவர்க்காரமும் ஓடுகிற தண்ணீருமாகக் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும், முந்தினால் இன்னும் நல்லது. உங்கள் ஹெபடைடிஸ் பி மூன்று ஊசியும் முடிந்ததா என்று சேருமுன்பே பாருங்கள்.

பதவி சிறிபுரப் பக்கம் போனால் இதை மறக்க வேண்டாம். அங்கே காரணம் தெரியாத சிறுநீரக நோய் உள்ள குடும்பங்கள் நிறைய. வயல் வேலை செய்து இடுப்பு வலி என்று வருவார்கள், டிக்ளோபெனாக் கேட்பார்கள், அது சிறுநீரகத்துக்குக் கூடாத வலி மருந்து. கேட்டவுடன் எடுத்துக் கொடுக்காமல், கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனை) எப்போது பார்த்தது என்று கேட்டு டொக்டரிடம் அனுப்புங்கள். சிங்களம் கதைக்கத் தெரிந்த ஒருவர் குழுவில் இல்லாமல் அங்கே போவதில் பயனில்லை.

பெண்களுக்காக ஒன்று, வெட்கப்படாமல் சொல்கிறேன். கழிப்பறை இல்லையே என்று தண்ணீர் குடிக்காமல் இருந்து, சிறுநீர்த் தொற்றோடு வீடு போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இடம் தெரிவு செய்யும்போதே தண்ணீரும் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறையும் இருக்கிற பாடசாலையோ மண்டபமோ வேண்டும் என்று குழுத் தலைவரிடம் கேளுங்கள். நோயாளிகளுக்கும் அது வேண்டும். கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும்.

தங்குவதற்கு, வேலை முழு மாவட்டத்திலும் என்றால் நகரத்தில் அறை எடுங்கள். உவர்மலை, உப்புவெளிப் பக்கம் பார்க்கலாம். கடற்கரையை ஒட்டிய இடங்களில் உல்லாசப் பயணிகள் வரும் மாதங்களில் வாடகை ஏறும், ஆகவே ஒரு வருடத்துக்குப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். மூதூர், வெருகல் மட்டும்தான் என்றால் மூதூரிலேயே தங்குங்கள். பயணப்படி எப்படிக் கணக்கிடுவார்கள், இரவு தங்கினால் யார் காசு கொடுப்பது என்பதை நியமனக் கடிதத்தில் எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்து வையுங்கள்.