5ஜி வீட்டு இணைப்பில் ஃபைல் சர்வர்: வெளியிலிருந்து ஏன் எட்டவில்லை?

மொட்டைமாடியில் ஒரு டப்பாவை மாட்டித் தருகிற 5ஜி வீட்டு இணைப்பு பரவியதிலிருந்து, வீட்டு சர்வரை வெளியூரிலிருந்து திறக்க முடியவில்லை என்று பலர் கேட்கிறீர்கள். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

ஈரோடு: சார், ஃபைபர் இருந்தபோது ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை உள்ளே ஒரு கருவிக்குத் திருப்பிவிடுவது) போட்டு, கடையிலிருந்தே வீட்டு நாஸை (நெட்வொர்க்கில் மாட்டிய ஃபைல் பெட்டியை) திறப்பேன். 5ஜிக்கு மாறியதும் நின்றுவிட்டது. செட்டிங் எல்லாம் அதேதான்.

செட்டிங்கில் தப்பு இல்லை. ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் இன்டர்நெட் ஐபி (இணைய முகவரி எண்) என்ன என்று பாருங்கள். அது 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் இருந்தாலோ, 10 என்று தொடங்கினாலோ, நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். அதாவது ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஒண்டுக்குடித்தனத்தில் தெருவாசல் சாவி வீட்டுக்காரரிடம் இருக்கிற மாதிரி. நீங்கள் உங்கள் அறைக்கதவை எவ்வளவு அகலத் திறந்து வைத்தாலும், வருகிறவர் தெருவாசலிலேயே நிற்பார்.

ஆனால் உள்ளிருந்து வெளியே போக தடை இல்லை. அதனால் நாஸையே வெளியே கூப்பிட வையுங்கள். நாஸிலும் கடை லேப்டாப்பிலும் டெயில்ஸ்கேல் அல்லது ஜீரோடயர் என்ற இணைப்பு மென்பொருளைப் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொள்ளும். ரூட்டரைத் தொடவே வேண்டாம். கம்பெனி நிலையான பொது ஐபி விற்றால் அதையும் வாங்கலாம், ஆனால் என் ஓட்டு முதல் வழிக்குத்தான்.

கரூர்: அண்ணா, எனக்குப் பொது ஐபி இருக்கிறது. ரூட்டரில் போர்ட் 445-ஐத் திறந்துவிட்டால் போதுமா?

தயவுசெய்து வேண்டாம் தம்பி. விண்டோஸ் ஃபைல் பகிர்வு நடப்பது அந்தப் போர்ட்டில்தான். 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் பரவியதும் அதே வழியில்தான். மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே திருத்தம் கொடுத்திருந்தது. அதைப் போடாத கம்ப்யூட்டர்கள் மாட்டிக்கொண்டன. அப்பா அம்மாவின் பழைய படங்கள் இருக்கிற பெட்டியைத் தெருவில் வைக்காதீர்கள். டெயில்ஸ்கேல் மாதிரி விபிஎன் (பூட்டிய தனிப்பாதை) வழியாக மட்டும் போங்கள்.

மதுரை: வாடகை சர்வர் ஒன்றை நடுவில் வைத்து வயர்கார்ட் என்ற விபிஎன் போட்டேன். ஃபோல்டர் பட்டியல் வருகிறது, சின்ன ஃபைல் திறக்கிறது. பெரியது பாதியில் உறைந்துவிடுகிறது.

இது என்னையே இரண்டு நாள் அலைக்கழித்தது. அக்கா வீட்டில் கல்யாண வீடியோவை இறக்கப் பார்த்தேன். பச்சைப் பட்டை கொஞ்சம் நகரும், அப்புறம் வேகம் பூஜ்யம். வைஃபை, கேபிள், ஹார்ட் டிஸ்க் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். கடைசியில் காரணம் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட் (தரவுத் துண்டு) எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற வரம்பு.

சாதாரண ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை போகும். வயர்கார்ட் தன் உறைக்கு இடம் விட்டு, வழக்கமாக 1420 வைக்கிறது. மொபைல் நெட்வொர்க்கோ, டவருக்குப் பின்னால் உங்கள் பாக்கெட்டை இன்னொரு உறையில் போட்டு அனுப்புகிறது. இடம் போதாத பெரிய பாக்கெட் வழியில் விழுகிறது. ‘பெரிதாக இருக்கிறது’ என்று திரும்பிவர வேண்டிய செய்தியும் சில இடங்களில் வருவதில்லை. சின்ன பாக்கெட் தப்பிக்கிறது, அதனால்தான் பட்டியல் மட்டும் தெரிகிறது. வயர்கார்டின் எல்லா முனையிலும் எம்டியுவை 1280 ஆக்கிப் பாருங்கள். வீட்டு முனையில் பெர்சிஸ்டென்ட் கீப்அலைவை (இணைப்பு உயிரோடு இருக்க அவ்வப்போது அனுப்பும் சின்ன பாக்கெட்) 25 வினாடியாக வையுங்கள்; இல்லாவிட்டால் கொஞ்ச நேரம் சும்மா இருந்ததும் சிஜிநாட் பாதையை மறந்துவிடும்.

திருச்சி: பிளான் 100 எம்பிபிஎஸ். ஆபீசிலிருந்து எடுத்தால் நொடிக்கு 2 எம்பிகூட வரவில்லை.

நீங்கள் இறக்குவது வீட்டுக்கு அப்லோடு. 5ஜியில் அப்லோடு பொதுவாக டவுன்லோடைவிடக் குறைவு. எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு, ஃபைல் அளவு பைட் கணக்கு; எட்டு பிட் ஒரு பைட். அதனால் அப்லோடு 16 எம்பிபிஎஸ் என்றால், எட்டால் வகுத்தால் நொடிக்கு 2 எம்பிதான். இன்னொன்று, விண்டோஸ் பகிர்வு ஒவ்வொரு ஃபைலுக்கும் பலமுறை போய்வரும். ஒரு நடை 60 மில்லிசெகண்ட், ஃபைலுக்கு ஐந்து நடை என்று வைத்தால், 2000 படங்களுக்குக் காத்திருப்பே பத்து நிமிடம். ஜிப் செய்து எடுங்கள், அல்லது சிங்க்திங் (இரண்டு கருவிகளின் ஃபோல்டரை ஒரே மாதிரி வைக்கும் மென்பொருள்) போட்டு இரவில் தானாக ஒத்திசையட்டும்.

தஞ்சாவூர்: மாமனார் வீட்டு வைஃபையில் மட்டும் விபிஎன் இணைந்தும் சர்வர் தெரியவில்லை.

இரண்டு வீட்டிலும் உள் ஐபி எண்கள் 192.168.1 தொடராக இருக்கும். உங்கள் லேப்டாப் சர்வரை மாமனார் வீட்டுக்குள்ளேயே தேடுகிறது. உங்கள் வீட்டு ரூட்டரில் 192.168.77 என்று மாற்றிவிடுங்கள். நாஸுக்கும் பிரிண்டருக்கும் பழைய எண்ணைக் கையால் போட்டிருந்தால், அவற்றையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.