‘குரக்கன்’ என்று எழுதியிருந்தால் போதுமா?

கேள்வி: என் கணவருக்கு அண்மையில் நீரிழிவு இருப்பதாகக் கண்டறிந்துள்ளார்கள். அவருக்கென்று குரக்கன் பிஸ்கற்றும், தேநீருக்குச் சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியும் வாங்குகிறேன். மாதச் சாமான் வாங்கும்போது வேறு எவற்றைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, கொக்குவில்

பதில்: முதலில் அந்தப் பிஸ்கற் பைக்கற்றின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்கள் எடை கூடியதிலிருந்து குறைந்ததற்கு என்ற வரிசையிலேயே அச்சிடப்படுவதால், கோதுமை மாவும் சீனியும் முன்னே நிற்க, குரக்கன் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வருமாயின், நீங்கள் வாங்கியது குரக்கன் பெயர் சூடிய கோதுமைப் பிஸ்கற்றே. அந்தக் காசுக்குக் குரக்கன் மா வாங்கிப் பிட்டு அவிப்பது மேல். ஆயினும் குரக்கனும் மாச்சத்துத்தான் என்பதால் அளவு முக்கியம். பனங்கட்டி நம் மண்ணின் பொருள் என்ற பாசம் எனக்கும் உண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி சீனியே என்பதால், அதுவும் இரத்தத்தில் குளுக்கோஸை ஏற்றும்.

இலங்கையில் 2016 முதல் மென்பானங்களில் சீனியின் அளவை நிறக்குறி காட்டுகிறது. பின்னர் திண்ம உணவுகளுக்கும் இம்முறை வந்தது. 100 கிராமில் சீனி 22 கிராமுக்கோ, உப்பு 1.25 கிராமுக்கோ, கொழுப்பு 17.5 கிராமுக்கோ மேற்பட்டால் சிவப்பு. நடுத்தர அளவைக் குறிக்கும் செம்மஞ்சளைக் கண்டு ஆறுதல் கொள்ள வேண்டாம்: 100 மில்லிலீற்றரில் 10 கிராம் சீனியுள்ள பானமும் செம்மஞ்சளே; அதில் 400 மில்லிலீற்றர் குடித்தால் 40 கிராம், அதாவது ஏறத்தாழ எட்டுத் தேக்கரண்டிச் சீனி உடலுக்குள் போய்விடும். இரண்டு பொருள்களை ஒப்பிடும்போது ‘ஒரு பரிமாறலுக்கு’ என்ற கணக்கை விட்டு, 100 கிராமுக்கான கணக்கையே பாருங்கள்.

சில பைக்கற்றுகளில் உப்புக்குப் பதிலாகச் சோடியத்தின் அளவு இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைந்த உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடு, ஊறுகாய், பொரித்த மிளகாய் ஆகியவற்றில் நிறக்குறி இல்லாமலும் இருக்கலாம். உப்போ நிறைய இருக்கும்.

கடைக்குப் போகுமுன் திருநெல்வேலிச் சந்தையிலோ சுன்னாகச் சந்தையிலோ முருங்கையிலை, பொன்னாங்காணி, பயற்றங்காய், சூடை மீன் ஆகியவற்றை வாங்கிவிட்டால், பைக்கற் உணவுக்குக் கூடையில் இடமும் கையில் காசும் குறைந்துவிடும். அரிசியில் தவிடு நீக்காத சிவப்பரிசியைத் தெரிவுசெய்யுங்கள். அதையும் அளந்தே பரிமாறுங்கள். அவர் மாத்திரை எடுப்பவராயின், சாப்பாட்டைத் திடீரெனக் குறைப்பது இரத்தச் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்கக்கூடும் என்பதால், அடுத்த கிளினிக்கில் இந்த மாற்றங்களை வைத்தியரிடம் சொல்லுங்கள்.