பிராணாயாமம் செய்தால் இன்ஹேலரை நிறுத்திவிடலாமா?

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. பல ஆண்டுகளாக ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுத்துக்கொள்கிறார். சில மாதங்களாகப் பிராணாயாமம் செய்துவருவதில் மூச்சுத்திணறல் குறைந்திருக்கிறது. இதனால் நுரையீரல் பெரிதாகுமா? இன்ஹேலரை நிறுத்திவிடலாமா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: பயிற்சி தொடரட்டும், ஆனால் இன்ஹேலரை அவராக நிறுத்தக் கூடாது.

வளர்ந்தவர்களின் நுரையீரல் மூச்சுப் பயிற்சியால் பெரிதாவதில்லை. அதை இயக்கும் உதரவிதானமும் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளுமே வலுப்பெறுகின்றன. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்கள் 1992இல் வெளியிட்ட ஆய்வில், 12 வாரங்கள் யோகப் பயிற்சி பெற்ற மாணவர்களுக்கு மூச்சை இழுக்கும் வலுவும் வெளித்தள்ளும் வலுவும் கூடியிருந்தன.

மூச்சை நிதானமாக்குவதில் இன்னொரு நன்மையும் உண்டு. சாதாரணமாக ஒரு மூச்சில் நாம் இழுக்கும் ஏறத்தாழ 500 மி.லி. காற்றில் 150 மி.லி. காற்றுக்குழாய்களிலேயே நின்றுவிடுகிறது. நிமிடத்துக்கு 12 முறை மூச்சுவிட்டால், 6 லிட்டரில் 4.2 லிட்டர்தான் காற்றுப்பைகளைச் சென்றடையும். அதே 6 லிட்டரை ஆழமாக, ஆறே மூச்சில் இழுத்தால் 5.1 லிட்டர் சென்றடையும்.

திருமூலர் திருமந்திரத்தில் பூரகத்துக்கு (மூச்சை இழுப்பதற்கு) 16, கும்பகத்துக்கு (உள்ளே நிறுத்துவதற்கு) 64, இரேசகத்துக்கு (வெளிவிடுவதற்கு) 32 மாத்திரை (கால அளவு) என்று வகுத்திருக்கிறார். இழுப்பதைப் போல் இரு மடங்கு நேரம் மூச்சை வெளிவிடும் இதே விகிதத்தை ஒரு சிறு கருவியின் மூலம் லேசான ஆஸ்துமா உள்ள 18 பேருக்குப் பழக்கி, இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் ஆய்வு செய்தார்கள். 1990இல் வெளியான அதன் முடிவு என்னை மிகவும் கவர்ந்தது: மூச்சுக்குழாயைச் சுருங்கவைக்க முன்பைவிட அதிக அளவு ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் தேவைப்பட்டது, அதாவது மூச்சுக்குழாய் எளிதில் சுருங்கும் தன்மை குறைந்திருந்தது; ஆனால் நுரையீரலின் செயல்திறனைக் காட்டும் அளவுகளில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தென்படவில்லை. ஆஸ்துமாவும் யோகமும் குறித்த 15 ஆய்வுகளைத் தொகுத்து மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016இல் வெளியிட்ட மதிப்பாய்வும், வாழ்க்கைத் தரமும் அறிகுறிகளும் ஓரளவு மேம்படுவதாகவும், நுரையீரல் அளவுகளில் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை என்றுமே கூறுகிறது.

ஆஸ்துமாவின் வேர் மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள அழற்சி. அதைத் தணிப்பது ஸ்டீராய்டு இன்ஹேலர்தான். திணறல் குறைந்ததை நம்பி அதை விட்டுவிட்டால், அழற்சி ஓசையின்றி வளர்ந்து ஒருநாள் கடுமையான தாக்குதலாக வெளிப்படலாம். குறைந்தது மூன்று மாதங்கள் நோய் கட்டுக்குள் இருந்தால், ஸ்பைரோமெட்ரி (ஊதச் சொல்லி நுரையீரலின் செயல்திறனை அளக்கும் பரிசோதனை) பார்த்து மருத்துவரே மருந்தின் அளவைப் படிப்படியாகக் குறைப்பார்.

நாடிசுத்தி (மூக்கின் இரு துளைகளிலும் மாறி மாறி மூச்சுவிடுதல்) போன்ற மென்மையான பயிற்சிகள் அவருக்குப் போதும். நீண்ட கும்பகம் வேண்டாம்; கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான பயிற்சிகளை, இரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால் கட்டாயம் தவிர்க்க வேண்டும். திணறல் வந்துவிட்டால் பயிற்சியால் சமாளிக்க முயலாமல், மருத்துவர் தந்துள்ள உடனடி நிவாரண இன்ஹேலரை எடுக்க வேண்டும். அதற்கும் அடங்காமலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமலோ இருந்தால் அந்த நிமிடமே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.