சிறுநீரில் நைட்ரைட், ரத்தத்தில் 9.4

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறேன். ஐந்து மாதக் கர்ப்பிணி. ஹீமோகுளோபின் 9.4, சிறுநீரில் நைட்ரைட் என்று கிளினிக்கில் எழுதிக் கொடுத்தார்கள். சாசேஜும் உரம் கலந்த கிணற்றுத் தண்ணீரும்தான் ரத்தத்தைக் குறைத்துவிட்டன என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. உண்மையா?

பதில்: நைட்ரைட்டையும் 9.4-ஐயும் முடிச்சுப் போடாதீர்கள், தங்கச்சி. சாசேஜ் கெடாமலிருக்க நைட்ரைட் சேர்ப்பது உண்மைதான், ஆனால் உங்கள் சிறுநீரில் தெரிந்த நைட்ரைட் அதிலிருந்து வந்ததல்ல. இ.கோலை போன்ற கிருமிகள் சிறுநீர்ப்பையில் தங்கி, அங்குள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. பரிசோதனைப் பட்டையில் ஏறும் அந்த இளஞ்சிவப்பு பெரும்பாலும் தொற்றின் அடையாளம். எரிச்சல், காய்ச்சல் எதுவும் இல்லாவிட்டாலும் கர்ப்பக் காலத்தில் இதை விட்டுவைக்கக் கூடாது. சிறுநீரகம் வரை ஏறலாம். குறைமாதப் பிரசவத்திலும் கொண்டுவிடலாம். அடுத்த செக்கப் வரை காத்திராமல் இந்த வாரமே போய், சிறுநீரில் எந்தக் கிருமி வளர்கிறது என்று பார்க்கும் யூரின் கல்ச்சர் கேளுங்கள். சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருந்தால் மருந்து வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். இந்தத் தொற்றுக்குத் தரும் நைட்ரோஃபுரான்டோயின், அந்தக் குறைபாடு உள்ளவர்களின் சிவப்பணுக்களை உடைத்து ரத்தச்சோகையைக் கூட்டிவிடக்கூடும்.

நைட்ரைட் ரத்தத்தைத் தொடவே தொடாதா? தொடும், ஆனால் வேறு விதமாக. ஹீமோகுளோபினில் இருக்கும் இரும்பை மாற்றி, ஆக்சிஜனைச் சுமக்க முடியாத மெத்ஹீமோகுளோபின் ஆக்கிவிடும். ரிப்போர்ட்டில் எண் குறையாது, சரக்குதான் கெட்டுப்போகும். அது மிகுந்தால் ரத்தம் மைலோ போலப் பழுப்பு நிறத்துக்கு வந்துவிடும். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டு, காற்றுப் பட வைத்தாலும் சிவக்காது. உதடு நீலமாகத் தெரிய ரத்தத்தில் டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 1.5 கிராம் மெத்ஹீமோகுளோபின் சேர வேண்டும். ரத்தச்சோகை உள்ளவருக்கு அதற்கு முன்பே மூச்சு வாங்கத் தொடங்கிவிடும்.

எப்போதாவது சாப்பிடும் சாசேஜால் இந்த நிலை வராது. கிணற்றைப் பற்றிய அக்காவின் பயத்தில் மட்டும் நியாயம் இருக்கிறது, அதுவும் பிறக்கப்போகும் குழந்தைக்காக. நைட்ரேட் மிகுந்த கிணற்று நீரில் பால் கரைத்துக் கொடுத்த குழந்தைகள் நீலம் பாரித்ததை அமெரிக்காவின் அயோவாவில் ஹண்டர் காம்லி என்ற மருத்துவர் 1945-லேயே எழுதினார். குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது. நீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். புட்டிப்பால் கொடுக்க நேர்ந்தால் பைப் தண்ணீரையே காய்ச்சிப் பயன்படுத்துங்கள்.

உங்கள் 9.4-க்குப் பெரும்பாலும் இரும்புக் குறைவே காரணமாக இருக்கும். இரும்பு மாத்திரையை தே தாரிக்கோடு விழுங்காதீர்கள், தேநீர் இரும்பை உடலில் ஏறவிடாது. கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ சேர்த்துக்கொண்டு, தேநீரை இரண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள். ஒரு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் எண் ஏறவில்லையென்றால் பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடான தலசீமியாவுக்குப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.