கேள்வி பதில்: லட்ச ரூபாய் கார்டும் சில்வண்டுச் சத்தமும்

கோவை காந்திபுரம் பக்கம் 19 வருடமாக சர்வீஸ் பெஞ்ச் வைத்திருக்கிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டுகளை, அதாவது கம்ப்யூட்டரில் படத்தை வரைந்து திரைக்கு அனுப்பும் பாகத்தைப் பற்றியவை. அதனால் இந்த முறை பிரிண்டர், லேப்டாப் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன்.

அண்ணா, ஆசைப்பட்டு ஆர்.டி.எக்ஸ். 4090 வாங்கினேன். ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆனது. கேம் ஆரம்பித்ததும் சில்வண்டு கத்துவதுபோல ஒரு சத்தம். ஃபேனை விரலால் நிறுத்திப் பார்த்தேன், அப்போதும் வருகிறது. கடையில் "இது நார்மல் சார்" என்கிறார்கள். கார்டு கெட்டுப்போகுமா?
(வேளச்சேரி வாசகர்)

ஃபேனை விரலால் இனி நிறுத்தாதீர்கள் தம்பி. விரலுக்கும் ஆகாது, பேரிங்குக்கும் ஆகாது. ஆனாலும் அதில் ஒரு விஷயம் தெரிந்துவிட்டது: சத்தம் ஃபேனிலிருந்து வரவில்லை.

பழைய டியூப்லைட் சோக் "ம்ம்ம்" என்று உறுமுவதைக் கேட்டிருப்பீர்கள். உங்கள் கார்டிலும் சோக்குகள் இருக்கின்றன. சிப்பைச் சுற்றி வரிசையாக நிற்கும் சின்னச் சின்னச் சதுரப் பெட்டிகள்தான் அவை. 12 வோல்ட்டாக உள்ளே வரும் மின்சாரத்தைச் சுமார் 1 வோல்ட்டுக்கு இறக்கிச் சிப்புக்குக் கொடுப்பதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. 450 வாட் இழுக்கும் கார்டில் அந்த இடத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடுகிறது. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும், அதாவது திரையில் ஓடும் ஒவ்வொரு படத்துக்கும், இந்த மின்னோட்டம் ஏறி இறங்கும்போது சோக்கின் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் அதிர்கிறது. ஃப்ரேம் வேகம் கூடக்கூட சுருதியும் கூடும். விளையாட்டைவிட அதன் மெனு திரையில் சத்தம் அதிகமாக இருக்கிறதா என்று கவனியுங்கள். மெனுவில் வரைய வேலை குறைவு என்பதால் ஃப்ரேம் நொடிக்கு ஆயிரத்தைக்கூடத் தாண்டும், அங்கேதான் கீச்சென்று கத்தும். இதைத்தான் காயில் வைன் என்கிறார்கள்.

இதனால் கார்டு சாகாது. அந்த பயம் வேண்டாம். குறைக்கவும் வழி உண்டு. மானிட்டர் 144 ஹெர்ட்ஸ் என்றால் ஃப்ரேமை 140-இல் கட்டிப்போடுங்கள். அப்புறம் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டை (கார்டு இழுக்கும் வாட்டின் உச்சவரம்பு) 75 சதவீதத்துக்கு இறக்குங்கள். போன மாதம் என் பெஞ்சுக்கு வந்த ஒரு 4090-ஐ அப்படி 340 வாட்டுக்கு இறக்கினேன். 100 ஃப்ரேம் வந்த இடத்தில் 95 வந்தது. சத்தம் எழுந்து போய்க் காதை வைத்தால்தான் கேட்கும் அளவுக்குக் குறைந்தது. வேக ஒப்பீட்டு அட்டவணையில் முதலிடம் பிடிக்கக் கடைசி ஐந்து ஃப்ரேமுக்காக 100 வாட்டைக் கூடுதலாக ஏற்றி அனுப்புகிறார்கள். அந்த ஐந்தை விட்டுக்கொடுத்தால் வீடு அமைதியாகும்.

இன்னொன்று, செய்தித்தாளைக் குழாயாகச் சுருட்டி ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு கேபினெட்டுக்குள் தேடுங்கள். கத்துவது கார்டா, மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸா என்று தெரிந்துவிடும். எஸ்.எம்.பி.எஸ். கத்துவதைக் கார்டு என்று நினைத்துக் கொண்டுவந்தவர்கள் உண்டு.

கடைக்காரர் சொன்ன "நார்மல்" எனக்குப் பிடிக்காத வார்த்தை. பாகத்துக்குக் கேடில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒன்றரை லட்சம் கொடுத்தவர் தன் அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும் என்றால் அதை நான் குறை என்றுதான் சொல்வேன். காயில் வைனைப் பெரும்பாலும் வாரண்டியில் ஏற்றுக்கொள்வதில்லை. அதனால் வாங்கும் முன்பே, "சத்தம் தாங்கவில்லை என்றால் ஒரு வாரத்தில் மாற்றித் தருவீர்களா?" என்று கேட்டு, பில்லின் பின்பக்கம் எழுதி வாங்குங்கள்.

கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். 5090 வாங்கி நான்கு மாதம். ஒருநாள் ரெண்டரில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன், திரும்பி வந்தால் பிளாஸ்டிக் கருகும் நாற்றம். பவர் கேபிளின் முனை உருகி ஒட்டிக்கொண்டது. சர்வீஸ் சென்டரில் "நீங்கள் சரியாக மாட்டவில்லை, வாரண்டி கிடையாது" என்கிறார்கள். என் தவறா சார்?
(சேலம் வாசகர்)

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இதே நிலைமையில் ஒரு கார்டு போன வருடம் என் மேஜைக்கும் வந்தது. அவரும் வீடியோ எடிட்டர்தான், சீசன் நேரம். அவருக்கும் இதே பதில்தான் கிடைத்தது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். பழைய 8 பின் கனெக்டரில் 150 வாட்தான் அனுமதி. மூன்று கம்பிக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு 4 ஆம்பியரைச் சற்றே தாண்டும். அந்தப் பின்கள் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தாங்கும். 4090-இல் உள்ள புதிய 16 பின் கனெக்டர் அளவில் சிறியது, அனுமதியோ 600 வாட். 12 வோல்ட்டில் 600 வாட் என்றால் 50 ஆம்பியர். ஆறு கம்பிக்குப் பங்கு வைத்தால் தலைக்கு 8.3. ஒரு பின் தாங்குவது சுமார் 9.5. இடைவெளி அவ்வளவுதான். ஒரு பின் சரியாகத் தொடவில்லை என்றால் அதன் பங்கை மற்ற ஐந்தும் சுமக்க வேண்டும்.

4090 வெளிவந்தது 2022 அக்டோபர் 12. அந்த மாதம் முடிவதற்குள் உருகிய முனைகளின் படங்கள் வரத் தொடங்கின. நவம்பரில், இந்தக் கார்டுகளின் சிப்பைத் தரும் என்விடியா நிறுவனம், உலகம் முழுவதும் தங்களுக்குத் தெரிந்து சுமார் 50 சம்பவங்கள் என்றும், முழுதாகச் செருகாததே பொதுவான காரணமாகத் தெரிகிறது என்றும் சொன்னது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. பிறகு கனெக்டரைத் திருத்தினார்கள். கேபிள் மாட்டியிருப்பதைக் கார்டுக்குச் சொல்லும் நான்கு சின்ன சென்ஸ் பின்களைக் குட்டையாக்கி, முழுதாக உள்ளே போகாவிட்டால் கார்டு மின்சாரம் இழுக்காதபடி செய்தார்கள். அந்தத் திருத்திய வடிவத்துக்கு 12வி-2×6 என்று பெயர்.

சரி, அதோடு முடிந்ததா? 2025 ஜனவரி 30-இல் 575 வாட் 5090 வந்தது. பிப்ரவரியிலேயே உருகிய படங்கள் மறுபடியும். டெர்பவர் என்ற பெயரில் இயங்கும் ஜெர்மானிய ஓவர்கிளாக்கர் (சிப்புகளை அளவுக்கு மேல் வேகமாக ஓட்டிப் பார்ப்பவர்) தன் கார்டில் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாக அளந்தபோது, ஒரே கம்பியில் 20 ஆம்பியருக்கு மேல் ஓடியதைக் காட்டினார். கேபிளை முழுதாகச் செருகியிருந்தும் இப்படி.

இங்கேதான் என் ஆதங்கம். அதே 16 பின் கனெக்டர் வைத்து 4090-க்கு முன்பே வந்த 3090 டி.ஐ. கார்டில் ஆறு கம்பிகளையும் மூன்று ஜோடியாகப் பிரித்து ஒவ்வொரு ஜோடியையும் கார்டே கவனித்தது. 4090-இலும் 5090-இலும் ஆறையும் உள்ளே நுழைந்ததும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். ஒரு கம்பி அளவுக்கு மீறிச் சுமந்தாலும் கார்டுக்குத் தெரியாது. மின்வாரியக்காரர் வீட்டுக்கு மூன்று ஃபேஸ் கொடுத்தால்கூட எந்த ஃபேஸில் எவ்வளவு லோடு என்று பார்க்கிறோம். இரண்டு லட்ச ரூபாய்ப் பொருளில் அந்தக் காவல் இல்லை. அதனால் உங்கள் கேபிளைப் பார்க்காமலேயே "உங்கள் தவறு" என்று யாரும் சொல்லிவிட முடியாது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முனையைப் பிடுங்கிச் சுரண்டிச் சுத்தம் செய்யாதீர்கள். இருக்கும் நிலையிலேயே எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். உருகிய தடம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். முழுதாகச் செருகியதா இல்லையா என்பதை அதுவே காட்டும். மறுப்பை வாய்ச் சொல்லாக ஏற்காதீர்கள், மின்னஞ்சலில் காரணத்தோடு கேளுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் அங்கே புகாருக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். என்னிடம் வந்தவர் அந்த மின்னஞ்சலைக் கேட்டதுமே பேச்சு மாறியது, ஐந்து வாரத்தில் கார்டை மாற்றிக் கொடுத்தார்கள். உங்களுக்கும் அப்படியே நடக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் கேட்காமல் விடாதீர்கள்.

மாற்றுக் கார்டு வந்ததும் எஸ்.எம்.பி.எஸ்.ஸோடு வந்த கேபிளையே பயன்படுத்துங்கள், அதுவும் உருகாமல் இருந்தால் மட்டும். வேறு கம்பெனியின் மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிள் வாய்க்குள் பொருந்தும், ஆனால் உள்ளே கம்பி வரிசை மாறியிருக்கலாம், மாட்டினால் எல்லாம் போய்விடும். "க்ளிக்" கேட்ட பிறகு மொபைல் டார்ச் அடித்து இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். முனையிலிருந்து நாலு சென்டிமீட்டர் வரை கேபிளை மடக்கக் கூடாது. அடிக்கடி கழற்றி மாட்டவும் கூடாது, இந்தக் கனெக்டரின் கணக்கே 30 முறைதான். பவர் லிமிட் 80 சதவீதத்தில் வைத்தால் 460 வாட், கம்பிக்கு 6.4 ஆம்பியர். ரெண்டர் சில நிமிடம் தாமதமாகும், பரவாயில்லை. டி.சி. அளக்கும் க்ளாம்ப் மீட்டர் உள்ள டெக்னீஷியன் பக்கத்தில் இருந்தால், ரெண்டர் ஓடும்போது ஆறு கம்பியையும் ஒவ்வொன்றாக அளந்து தரச் சொல்லுங்கள். ஒன்று 5 ஆம்பியர், ஒன்று 11 ஆம்பியர் என்று வந்தால் அந்தக் கேபிளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

டிசம்பரில் வாங்கிய கார்டு அப்போது பூனைபோல இருந்தது. சித்திரை பிறந்ததிலிருந்து ஃபேன் அலறுகிறது. யூடியூபில் இதே கார்டை அமைதியானது என்கிறார்களே?
(காரைக்குடி வாசகர்)

அவர்கள் சோதிப்பது 21, 22 டிகிரி அறையில். கத்திரி வெயிலில் உங்கள் அறை 36 டிகிரி இருந்தால் கார்டின் சூடும் அதே 14 டிகிரி கூடும். அதைத் தணிக்க ஃபேன் ஓடித்தான் ஆக வேண்டும். கார்டு வெளியே தள்ளும் சூடு அந்த அறையிலேயேதான் தங்குகிறது. 450 வாட் என்பது இஸ்திரிப் பெட்டியில் பாதி. கதவைச் சாத்திக்கொண்டு மூன்று மணி நேரம் விளையாடினால் என்ன ஆகும்?

ஜன்னலைத் திறங்கள், கேபினெட்டைச் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வையுங்கள், பக்கக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். கண்ணாடி இல்லாமல் சத்தம் குறைந்தால் குறை கார்டில் இல்லை, கேபினெட்டில் காற்று வழி போதவில்லை. கண்ணாடியைத் திறந்தே விடாதீர்கள். எறும்பும் பல்லியும் சூட்டுக்கு உள்ளே போகும். பல்லி செத்து ஷார்ட்டான போர்டுகளை நான் வருடத்துக்கு இரண்டு மூன்றாவது பார்க்கிறேன்.

கேம் விளையாடியே கார்டைக் கெடுத்துவிட்டான் என்று கடையில் என் மகனைத் திட்டுகிறார்கள். விளையாடினால் கார்டு போகுமா?
(திருச்சியிலிருந்து ஒரு தாய்)

போகக் கூடாது அம்மா. விளையாடத்தானே அதை விற்கிறார்கள்?

2021 ஜூலையில் அமேசானின் நியூ வேர்ல்டு என்ற கேமின் சோதனைப் பதிப்பில் 3090 கார்டுகள் சில செத்தன. எல்லோரும் கேமைத்தான் திட்டினார்கள். மெனுவில் ஃப்ரேம் கட்டுப்பாடில்லாமல் ஓடியதும் உண்மை. ஆனால் கார்டு தயாரித்த ஈ.வி.ஜி.ஏ. நிறுவனமே திரும்பி வந்த சுமார் இரண்டு டஜன் கார்டுகளை ஆராய்ந்து, மாஸ்ஃபெட் (மின்சாரத்தைத் திறந்து மூடும் சின்ன ஸ்விட்ச்) பகுதியில் சால்டரிங் சரியில்லை என்று ஒப்புக்கொண்டு மாற்றிக் கொடுத்தது. நல்ல கார்டு எந்த கேமையும் தாங்கும். வாரண்டிக் காலத்துக்குள் இருந்தால் பில்லோடு போய் மாற்றிக் கேளுங்கள். பையனைத் திட்டாதீர்கள்.

ரிச்சி தெருவில் பழைய 7900 எக்ஸ்.டி.எக்ஸ். ஒன்று மலிவாகக் கிடைத்தது. ஐந்து நிமிடத்தில் ஹாட்ஸ்பாட் 110 டிகிரி, ஃபேன் முழு வேகம்.
(அம்பத்தூர் வாசகர்)

இதன் சிப்பைச் செய்யும் ஏ.எம்.டி. நிறுவனத்தின் சொந்த வடிவமைப்பில் வந்த கார்டா என்று முதலில் பாருங்கள். 2022 டிசம்பரில் வந்த அந்த வகையில் ஒரு தொகுதிக்கு வேப்பர் சேம்பரில் தண்ணீர் போதிய அளவு இல்லை. மூடிய தட்டைக்குள் இருக்கும் கொஞ்சம் நீர் ஆவியாகிச் சூட்டை எடுத்துச் சென்று குளிர்ந்து திரும்புவதுதான் அதன் வேலை. நீர் குறைந்தால் சிப்பின் ஒரு மூலை மட்டும் கொதிக்கும். 2023 ஜனவரியில் நிறுவனமே ஒப்புக்கொண்டு மாற்றித் தந்தது.

சிப்பின் சாதாரண வெப்பநிலைக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் (சிப்பில் அதிகம் சுடும் இடம்) 20 டிகிரி வித்தியாசம் இருந்தால் கவலையில்லை. 45, 50 என்றால் சிப்பின் மேல் தடவும் சூடு கடத்தும் பேஸ்டை மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் அந்தத் தொகுதிக் கார்டாகத்தான் இருக்கும். பழைய பொருளுக்கு இப்போது யாரும் மாற்றித் தருவது கஷ்டம். விற்றவரிடமே இந்த வாரத்துக்குள் திருப்பிக் கொடுங்கள்.

25 வருடமாக கம்ப்யூட்டர் வைத்திருக்கிறேன். அந்தக் காலத்தில் இப்படிச் சத்தம் கிடையாது, இல்லையா?
(தஞ்சாவூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

இருந்தது ஐயா. 2003-இல் என்விடியாவின் எஃப்.எக்ஸ். 5800 அல்ட்ரா வந்தபோது அதற்கு "டஸ்ட்பஸ்டர்" என்று கையடக்கத் தூசி உறிஞ்சியின் பெயரையே வைத்தார்கள். 2013-இல் ஏ.எம்.டி.யின் ஆர்9 290எக்ஸ் 95 டிகிரியில் ஓடும்படியே வடிவமைக்கப்பட்டது, அதன் ஃபேன் சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்கும். 2015-இல் தண்ணீர் வைத்துக் குளிர்விக்கும் ஃப்யூரி எக்ஸ் வந்தது, ஃபேன் அடங்கியது, பம்ப் விசில் அடித்தது.

இப்போதைய கார்டுகளின் ஃபேன்கள் அவற்றைவிட எவ்வளவோ மேல். மாறியது விலையும் வாட்டும்தான். 290எக்ஸ் வந்தபோது அமெரிக்காவில் 549 டாலர், 5090 வந்தபோது 1,999. அன்று உங்கள் கார்டு ஃபேன் கத்தினால் என் கடையில் ஒரு துளி எண்ணெய் விட்டுக் கொடுப்போம். இன்று கருகிய முனையோடு வருபவரிடம், ஒட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லவே எனக்குக் கை நடுங்குகிறது.