ஷோ குழம்பியதை முகநூலில் எழுதினேன், இப்போது 50 இலட்சம் நட்டஈடு கேட்கிறார்கள்

கேள்வி: வணக்கம் சேர். எனக்குக் காரைதீவு. போன மாதம் மட்டக்களப்பில் ஒரு மியூசிக்கல் ஷோ நடந்தது. இந்தியாவிலிருந்து பிரபல பின்னணிப் பாடகர் ஒருவர் வருகிறார் என்று அக்கரைப்பற்று வரைக்கும் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். கல்முனையில் ஒரு போன் கடையில் 5,000 ரூபா வி.ஐ.பி. டிக்கெட் நாலு எடுத்தேன். 12,000 ரூபாவுக்கு வான் பிடித்துக் குடும்பத்தோடு போனோம். மாலை 6.30க்குத் தொடங்க வேண்டிய நிகழ்ச்சி 8.45க்குத்தான் தொடங்கியது. வி.ஐ.பி. பகுதிக்கும் மற்றப் பகுதிக்கும் நடுவில் இருந்தது ஒரு நைலோன் கயிறு மட்டும்தான். அதைத் தாண்டி வந்த பொடியன்கள் கதிரைகளைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு போனார்கள். முழங்கால் வருத்தம் உள்ள என் அம்மா கடைசி வரைக்கும் நின்றார். பாடகர் விசா பிரச்சினையால் வரவில்லை என்று 9.30க்கு மேடையில் சொன்னார்கள். 10 மணிக்குப் பொலிஸ் வந்து நிறுத்தச் சொல்லிவிட்டது.

பாட்டு இரசிகர்களுக்காக முகநூலில் ஒரு குழுமம் நடத்துகிறேன். அதில் நடந்ததை எழுதினேன். போய் வந்த பலரும் தங்கள் அனுபவத்தைக் கீழே எழுதினார்கள். இப்போது ஏற்பாட்டு நிறுவனத்தின் சட்டத்தரணியிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. 14 நாளில் பதிவை நீக்கி, மன்னிப்புக் கேட்டு, 50 இலட்சம் கட்ட வேண்டுமாம். பொலிஸிலும் போடுவோம் என்று போனில் சொல்கிறார்கள். பதிவின் படத்தையும் டிக்கெட்டின் படத்தையும் அனுப்பியிருக்கிறேன். அடுத்த ஷோவுக்கு நாலு ஓசி டிக்கெட் தருகிறோம், பதிவை எடுத்துவிடு என்றும் ஒருவர் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நான் என்ன செய்ய?

பதில்: முதலில் பொலிஸ் பயத்தை விடுங்கள். அவதூறு இலங்கையில் இப்போது குற்றம் அல்ல. தண்டனைச் சட்டக் கோவையில் அதற்கு இருந்த அத்தியாயத்தை 2002 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் நீக்கிவிட்டது. அவதூறுக்காக உங்களைக் கைது செய்யவோ நீதவான் முன் நிறுத்தவோ பொலிஸுக்கு அதிகாரம் இல்லை. மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குப் போடலாம், அவ்வளவுதான். அந்த வழக்கைப் போட அவர்களுக்கு 2 வருடம் இருக்கிறது. 14 நாள் என்பது அவர்களுடைய சட்டத்தரணி வைத்த தவணை, நீதிமன்றம் வைத்தது அல்ல. 50 இலட்சமும் அப்படித்தான். கோரிக்கைக் கடிதத்தில் எந்தத் தொகையும் எழுதலாம், நீதிமன்றத்தில் அதை நிரூபிக்க வேண்டும்.

அதற்காகக் கடிதத்தை அலுமாரியில் போட்டு மூடிவிட வேண்டாம். நம் ஊர்களில் பலர் செய்யும் பிழை இதுதான். தொழில் சார்ந்த விடயத்தில் ஒருவர் 'இப்படி நடந்தது' என்று எழுதினால், அதை ஏற்காதவர் மறுத்துப் பதில் எழுத வேண்டும் என்று சரவணமுத்து எதிர் டி மெல் என்ற 1948 ஆம் ஆண்டுத் தீர்ப்பு சொல்கிறது. இன்றைக்கும் நீதிமன்றங்களில் அதை எடுத்துக் காட்டுகிறோம். பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்டதாக வாதிட இடம் கொடுக்கிறீர்கள். தவணைக்குள் ஒரு சட்டத்தரணியைக் கொண்டு, பதிவுத் தபாலில், சுருக்கமாக மறுத்து எழுதுங்கள். கோபத்தில் நீங்களே வட்ஸ்அப்பில் பதில் போடாதீர்கள்.

இனி உங்கள் பதிவுக்கு வருவோம். நாலைந்து தரம் வாசித்தேன். டிக்கெட் விலை, தொடங்கிய நேரம், நைலோன் கயிறு, கதிரை போன கதை, பாடகர் வராதது எல்லாம் நீங்கள் கண்ணால் கண்டவை. அந்தக் கயிற்றைப் பற்றிய ஒரு வரிக்கு, 'படுமோசமான ஒழுங்கமைப்பு' என்று பத்துத் தரம் எழுதுவதை விடப் பெறுமதி அதிகம். அதை மறுக்க வேண்டுமென்றால் அங்கே வேறு ஏதோ தடுப்பு இருந்தது என்று அவர்கள் காட்ட வேண்டும். 'இந்தக் காசுக்கு இது சரியே இல்லை' என்பது உங்கள் அபிப்பிராயம். அதுவும் பரவாயில்லை.

சிக்கல் கடைசிப் பந்தியில் இருக்கிறது. 'கள்ளனுகள், பாடகருக்கு அட்வான்ஸே குடுக்காமத்தான் போஸ்டர் அடிச்சிருக்கானுகள், மாநகர சபைக்கு வரியும் கட்டல்ல' என்று எழுதியிருக்கிறீர்கள். அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? யாரோ சொன்னார்கள், அல்லது நீங்களே ஊகித்தீர்கள். நம் நாட்டில் அவதூறு விடயத்தில் செல்வது உரோம-டச்சுச் சட்டம். அதன்படி, எழுதியது உண்மை என்று காட்டினால் மட்டும் போதாது. அதை வெளியிட்டது பொதுமக்களுக்கு நன்மை என்றும் காட்ட வேண்டும். பொதுநன்மை உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டிச் சனத்திடம் காசு வாங்கி நடத்திய நிகழ்ச்சி அது. ஆனால் உண்மை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில்தான். மேலே உள்ள பந்திகளுக்கு டிக்கெட்டும் வீடியோவும் சாட்சி சொல்லும். கடைசிப் பந்திக்கு ஒருவரும் வரமாட்டார்கள். நியாயமான விமர்சனம் என்ற எதிர்வாதமும் உண்மையான சம்பவத்தின் மேல் கட்டிய கருத்துக்குத்தான் துணை நிற்கும், ஊகத்தின் மேல் கட்டியதற்கு அல்ல.

ஆகவே முழுப் பதிவையும் நீக்கத் தேவையில்லை. அந்த ஒரு பந்தியை மட்டும் எடுங்கள். எடுக்கும் முன் திகதியும் நேரமும் தெரிய முழுப் பதிவையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். எதையோ மறைக்கிறீர்கள் என்று பிறகு சொல்லக் கூடாது. 'நிரூபிக்க முடியாத ஒரு பகுதியை நீக்கியிருக்கிறேன், மற்றவை நான் நேரில் கண்டவை' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மன்னிப்பு அதற்கு மேல் வேண்டாம்.

பின்னூட்டங்களையும் பார்த்தேன். உங்கள் பதிவை விட அவைதான் எனக்குக் கவலை தந்தன. 'எங்களுக்கும் கதிரை இல்லை', 'சாப்பாட்டுக் கடையில் தண்ணிப் போத்தல் இரட்டை விலை' என்று சனம் எழுதியிருப்பது உங்களுக்குப் பலம். அவர்களில் நாலைந்து பேரிடம் டிக்கெட்டின் படத்தை வாங்கி வையுங்கள். ஆனால் இரண்டு பேர் ஏற்பாட்டாளரின் இனத்தையும் மதத்தையும் இழுத்து எழுதியிருக்கிறார்கள். ஒரு டிக்கெட் கதை இந்தக் கரையோரத்தில் ஊருக்கும் ஊருக்குமான சண்டையாக எவ்வளவு கெதியில் மாறும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க, குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைச் சட்டத்தில் இன, மத வெறுப்பைத் தூண்டுவது குற்றம். நீதவானால் பிணை கொடுக்க முடியாத குற்றம் அது, மேல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். எழுதியவர் வேறு ஆளாக இருக்கலாம். ஆனால் அட்மின் நீங்கள், அதில் ஒன்றுக்கு நீங்கள் 'லைக்' வேறு போட்டிருக்கிறீர்கள். இன்றைக்கே நீக்குங்கள்.

இன்னொருவர் ஏற்பாட்டாளரின் வீட்டுப் படத்தையும் போன் நம்பரையும் போட்டு 'எல்லாரும் எடுத்துக் கேளுங்க' என்று எழுதியிருக்கிறார். அதையும் எடுங்கள். தொந்தரவு கொடுக்கும் நோக்கத்தோடு ஒருவரின் தனிப்பட்ட விபரங்களை வெளியிடுவது 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் குற்றம். அந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லித்தான் உங்களையும் போனில் வெருட்டியிருப்பார்கள். அச்சட்டம் 'பொய்யான கூற்று' என்று சொல்வது, பொய்யென்று தெரிந்துகொண்டே ஏமாற்றும் நோக்கத்தில் சொல்வதை. நல்லெண்ணத்தில் சொல்லும் கருத்தும் எச்சரிக்கையும் அதற்குள் வராது. கதிரை கிடைக்காத கதையை எழுதியதற்காக அதைக் காட்டி வெருட்டுவது வீண் வேலை.

சரி, இனி உங்கள் காசு. கடிதத்தைக் கண்ட பயத்தில் அதைக் கேட்கவே மறந்துவிட்டீர்கள். நீங்கள் கேட்க வேண்டியது 20,000 ரூபா டிக்கெட் காசும் 12,000 ரூபா வான் காசும். அலைச்சலுக்கும் மனவருத்தத்துக்கும் பணம் வாங்க எங்கள் ஒப்பந்தச் சட்டத்தில் இடம் மிகக் குறைவு, அதில் நம்பிக்கை வைக்க வேண்டாம்.

டிக்கெட்டின் பின்பக்கம் 'பணம் திருப்பித் தரப்படமாட்டாது. நிகழ்ச்சியில் மாற்றம் செய்யும் உரிமை ஏற்பாட்டாளருக்கு உண்டு' என்று பொடி எழுத்தில் இருக்கிறது. அது எல்லாவற்றையும் மூடிவிடாது. 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் இப்படியான வரிகளுக்காகவே வந்தது. தருவதாகச் சொன்னதை விட்டுப் பெரிதும் வேறான ஒன்றைத் தந்துவிட்டு இந்த மாதிரி நிபந்தனைக்குப் பின்னால் ஒளிய வேண்டுமென்றால், அந்த நிபந்தனை நியாயமானது என்று காட்ட வேண்டும். பாட்டு வரிசை மாறினால், பக்கவாத்தியக் குழு மாறினால் அது மாற்றம். போஸ்டரில் முக்கால்வாசியை நிரப்பிய பாடகரே வராவிட்டால் அது வேறு நிகழ்ச்சி.

பொலிஸ் நிறுத்தியது தங்கள் பிழை இல்லை என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார்கள். இதை வாசித்துச் சிரிப்புத்தான் வந்தது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குச் சாதாரணமாக அனுமதி கொடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007 இல் சொல்லிவிட்டது. விசேட நிகழ்வுக்கு நேரம் கூட்டிக் கேட்கலாம், அதுவும் அயலில் உள்ளவர்களின் கருத்தைக் கேட்ட பிறகுதான். ஷோ நடத்துவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இது தெரியாதா? 10 மணிக்கு முடிக்க வேண்டும் என்று அனுமதிப் பத்திரத்தில் இருக்க, 8.45க்குத் தொடங்கியவர்கள் அவர்கள்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சேவைகளுக்கும் பொருந்தும். மக்களைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையை 30 ஆம் பிரிவு தடுக்கிறது. தொழிலாகச் சேவை வழங்குபவர் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் வழங்க வேண்டும் என்பது 32 ஆம் பிரிவின்படி, எழுதாவிட்டாலும் ஒப்பந்தத்தில் அடங்கிய நிபந்தனை. விசாரித்துக் காசைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவும் நட்டஈடு கொடுக்கச் சொல்லவும் அதிகார சபையால் முடியும். ஆனால் சேவை கிடைத்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். உங்களுக்கு ஒரு மாதம் போய்விட்டது. முறைப்பாட்டை மட்டக்களப்புக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) உள்ள அவர்களுடைய அலுவலகத்தில் கொடுங்கள், நிகழ்ச்சி நடந்தது அங்கேதானே. தமிழில் எழுதினால் போதும். அலுவலகம் பற்றிக் கேட்க 1977 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம். முறைப்பாட்டை ஏற்பாட்டு நிறுவனத்தின் பெயரில் எழுதுங்கள். போன் கடைக்காரர் வெறும் முகவர், அவரோடு சண்டை பிடித்துப் பிரயோசனம் இல்லை.

அப்புறம் ஒரு விடயம், இதைப் பலர் யோசிப்பதில்லை. காசு வாங்கி நடத்தும் நிகழ்ச்சிக்கு உள்ளூராட்சி மன்றம் களியாட்ட வரி அறவிடுகிறது. அதற்காக விற்பனைக்கு முன்பே டிக்கெட்டுகளில் சபையின் முத்திரை குத்துவது வழக்கம். நீங்கள் அனுப்பிய படத்தில் ஒரு மூலையில் மங்கலாக அந்த முத்திரை தெரிகிறது. வரி கட்டவில்லை என்று நீங்கள் எழுதிய வரியை உங்கள் கையில் இருந்த டிக்கெட்டே பொய்யாக்கக் கூடும். ஆனால் அதே முத்திரை உங்களுக்கு உதவியும் செய்யும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாநகர சபையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: அன்றைய நிகழ்ச்சிக்கு 5,000 ரூபா டிக்கெட் எத்தனைக்கு முத்திரை குத்தப்பட்டது? 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். போட்ட கதிரையை விட விற்ற டிக்கெட் அதிகம் என்று அந்த எண்ணிக்கை காட்டினால், கயிற்றைத் தாண்டி வந்த பொடியன்கள் மேல் அவர்களால் பழி போட முடியாது.

விசா விடயத்தில் நீங்கள் தேட வேண்டியது நேரம். பாடகர் வரமாட்டார் என்று அவர்களுக்கு எப்போது தெரிந்தது? அன்று மத்தியானமும் அவர்களுடைய பக்கத்தில் பாடகரின் படத்தோடு 'இன்னும் சில டிக்கெட்டுகளே' என்று இருந்ததாக ஒருவர் பின்னூட்டத்தில் எழுதியிருக்கிறார். அந்தப் பதிவு இன்னும் இருந்தால் உடனே பிடித்து வையுங்கள். வரமாட்டார் என்று தெரிந்த பிறகும் விற்றார்கள் என்பதற்குச் சான்று கிடைத்தால், அது தண்டனைச் சட்டக் கோவையின் மோசடிப் பிரிவுக்குள் போகும். அப்போது பொலிஸுக்குப் போக வேண்டியவர் நீங்கள். சான்று கிடைக்கும் வரை அதையும் முகநூலில் எழுத வேண்டாம். ஸ்கிரீன்ஷொட் செல்லுமா என்று கேட்பார்கள். இலத்திரனியல் ஆவணங்களைச் சாட்சியமாக ஏற்க 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இடம் தருகிறது. எடுத்த போனை மட்டும் மாற்றாமல் வைத்திருங்கள்.

அதிகார சபையில் சரிவராவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. 32,000 ரூபாப் பிணக்கை அங்கே கொண்டுபோகாமல் நேரே வழக்காக்க முடியாது. அங்கே சட்டத்தரணி வரவும் முடியாது. நீங்களே பேச வேண்டும், உங்களுக்கு அது கஷ்டமாக இருக்காது என்று நினைக்கிறேன்.

ஓசி டிக்கெட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வாங்குவதும் விடுவதும் உங்கள் விருப்பம். நானாக இருந்தால் காசைத்தான் கேட்பேன். எதை ஏற்பதென்றாலும் ஆள் மூலம் வந்த வாய்ப்பேச்சை நம்பிப் பதிவை எடுத்துவிடாதீர்கள். 50 இலட்சக் கோரிக்கையை முழுதாகக் கைவிடுகிறோம், இந்தப் பதிவு தொடர்பில் இனி எந்த வழக்கும் இல்லை என்று கடிதம் அனுப்பிய அதே சட்டத்தரணியின் கையெழுத்தோடு வர வேண்டும். அது கையில் கிடைத்த பிறகு பதிவை எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம். அதிகார சபை முறைப்பாட்டை அதுவரை நிறுத்தி வைக்க வேண்டாம், 3 மாதக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.